கீழ்ப்படியில் ஒரு தாசில்தார்

ரிட்டயர்டு தாசில்தார் பட்டாபி ஒரு மனுஷரை மதிக்கவில்லை என்றால் அதை வாயால் சொல்லமாட்டார். வலது கண்ணின் இமை பாதி இறங்கும். மேலுதட்டின் ஓரம், அலமாரிக்குப் பின்னால் செத்த எலி கிடப்பதைக் கண்டவர்போல, மெல்ல ஏறும். அவ்வளவுதான். எதிரே நிற்பவர் தம் உயரத்தில் கொஞ்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்புவார். உத்தியோகத்தில் இருந்தவரை அந்த முகத்துக்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது. பென்ஷன் வாங்கியபின், கரமனையில் ஆற்றங்கரையை ஒட்டிய அந்த அக்கிரகாரத் தெருவுக்கு அதை இலவசமாகவே காட்டிக்கொண்டிருந்தார்.

தெருவின் சமூக மடத்துக்கு அவர்தான் தலைவர். எந்த வீட்டுத் தீட்டு என்றைக்குக் கழிகிறது, எந்தக் கல்யாணச் சமையலுக்கு மடத்துப் பெரிய வார்ப்புப் பாத்திரங்கள் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்பதையெல்லாம் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி தீர்ப்புச் சொல்வார். யாரும் மேல்கோர்ட்டுக்குப் போனதில்லை. மேல்கோர்ட்டும் அதே நாற்காலிதான்.

மங்கலத்துக்கு அந்த முகத்தோடு பழைய பரிச்சயம். வக்கீல் குமாஸ்தா நீலகண்டனின் மனைவியான அவள், தெருவிலேயே சொந்தக் கையால் பொம்மை பண்ணிக் கொலு வைக்கிற ஒரே பெண். மூன்று வருஷத்துக்கு முன், நவராத்திரியின் நடுவில், பூனை ஒன்று மூன்றாம் படியில் பாய்ந்து தசரதனின் தலையைத் தட்டிவிட்டது. முண்டமாக நின்ற சக்கரவர்த்தியை எடுத்துவிடலாமா என்று மங்கலம் மடத்துக்கு ஆள் விட்டுக் கேட்டாள். அவள் செய்த தப்பு அதுதான். பூனையைக் கேட்டிருந்தால்கூட நல்ல பதில் வந்திருக்கும். பட்டாபி நேரில் வந்தார், கூடவே பாதித் தெருவும் வந்தது.

"கலசத்திலே அம்பாளை ஆவாகனம் பண்ணியாச்சு. இனிமே விஜயதசமி வரைக்கும் படியிலே இருக்கற பொம்மையை ஆரும் தொடப்படாது" என்றார். இமை இறங்கியது. "தலையில்லாட்டா சாரமில்லை, போகட்டும். தசரதனுக்குத் தலை இருந்து என்ன வாழ்ந்தது. குமாஸ்தாவாத்துக் கொலுவுக்கு இதுவே மதி, போறும்."

தெரு சிரித்தது. மிச்ச நாட்கள் முழுக்கத் தலையில்லாத தசரதனைப் பார்க்கவே ஜனம் வந்தது. படியில் ஏறிய பொம்மையை நடுவில் எடுக்கக்கூடாது என்பது அன்றிலிருந்து மடத்துச் சட்டமாகவும் ஆயிற்று.

அந்தச் சிரிப்பை மங்கலம் விழுங்கிவிட்டாள். விழுங்க முடியாதது போன வருஷம் ஆரம்பித்தது.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுக்கும் ரோஸ் டீச்சர், நாகர்கோவில் பக்கத்துக்காரி, கிறிஸ்துவை வணங்கும் வேதக்காரக் குடும்பம். கிள்ளிப்பாலத்துக்கு அருகே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பொம்மைக்குக் காகிதக் கூழ் அரைக்க மங்கலத்துக்குப் பழைய தாள் வேண்டும்; ரோஸிடம் மாணவிகள் வரைந்து தள்ளிய கோணல் பூசணிக்காய்ப் படங்கள் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. அப்படி ஏற்பட்ட சிநேகம். போன நவராத்திரியில் தாள் கட்டோடு வாசலில் வந்து நின்ற ரோஸை மங்கலம் கையைப் பிடித்து ரேழி தாண்டிக் கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பாயில் உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்தாள். அடுத்த மாசம் கோயில்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டதாக மகாராஜாவின் விளம்பரம் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகப் பட்டாபி மனப்பூர்வமாக நம்பினார்.

"கோவிலைத் திறந்தது மகாராஜா. அதை நான் கேக்கமுடியாது" என்று இந்த வருஷம் நவராத்திரி நெருங்கியபோது மடத்தில் அறிவித்தார். "இந்தத் தெருவை நான் கேப்பேன். அந்த வேதக்காரி இன்னொரு தடவை நீலகண்டனாத்துக் கூடத்திலே உக்காந்தான்னா, பின்னே இந்தத் தெருச் சுமங்கலி ஒருத்தியும் அங்கே வெத்தலை பாக்கு வாங்கமாட்டா."

நவராத்திரியில் ஒரு வீட்டு வெற்றிலை பாக்கை மறுப்பது என்றால், அந்த வீடு தெருவில் இல்லை என்று அர்த்தம். பிறகு கல்யாணம், சீமந்தம், சாவு எதற்கும் யாரும் படியேறமாட்டார்கள்.

"கேட்டியோ மங்கலம்" என்றார் நீலகண்டன். "நாளைக்கு நான் கண்ணை மூடினா என்னைத் தூக்கறதுக்கு நாலு பேர் வேண்டாமோ."

"நீங்க என்ன அத்தனை கனமா. நான் ஒருத்தியே இழுத்துண்டு போயிடுவேன்."

"வெளையாடாதே. டீச்சரை எங்கேயாவது வெளியிலே வெச்சுப் பாரேன். ஆர் வேண்டாங்கறா."

"அவ என் சிநேகிதியாக்கும். அவ வரத்துக்கு வாசலும் கூடமும் இருக்கு. அது போறாதா."

அன்று பிற்பகல் மங்கலம் நேரே கிள்ளிப்பாலத்துக்கு நடந்தாள். இந்த வருஷமும் கொலுவுக்கு வரவேண்டும், வெள்ளிக்கிழமை, வாசல் வழியாக, என்று சொன்னாள்.

ரோஸ் யோசித்தாள். "எதுக்கக்கா உங்களுக்குத் தொந்தரவு. நான் தெருவுல நின்னே பாத்துட்டுப் போறேனே."

"தெருவிலே நின்னு பாக்கறதுக்கு அது என்ன ஆனை ஊர்கோலமா?"

"அந்தத் தாசில்தாரு ஒரு மாதிரி பாப்பாவள்லா, அதுக்குத்தான் சொல்லுதேன். போன வருசம் பாத்த பார்வையில எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல."

"எந்த மாதிரி பாத்தார், காட்டு பாப்போம்."

ரோஸ் முகத்தைக் கோணிப் பார்த்தாள். வரவில்லை. மங்கலமும் முயன்றாள். மூக்கு உயர்ந்ததே தவிர, தும்மல் வரப்போகிறவள் மாதிரிதான் இருந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் ரோஸ் அலமாரியிலிருந்து அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்தாள். ஊர் திரும்பிய வெள்ளைக்கார டீச்சரம்மா விட்டுப்போனது. பக்கத்துக்குப் பக்கம் வர்ணம் பூசிய கேலிப் படங்கள். பொய் முடி தரித்த ஜமீன்தார்கள், ஒற்றைக் கண்ணாடி வழியே உலகத்தைப் பார்க்கும் பிரபுக்கள், கழுத்துப் பட்டைக்குள் தாடையைச் செருகிக்கொண்ட நீதிபதிகள்.

"லண்டன்ல நூறு வருசத்துக்கு முந்தி இதயெல்லாம் கடை ஜன்னல்ல தொங்கப் போடுவாவளாம். சனங்க கூட்டமா நின்னு பாத்துச் சிரிப்பாவளாம்."

"அந்தப் பெரிய மனுஷாள்ளாம் சும்மா இருந்தாளா?"

"நம்ம படம் இருக்கான்னு ஆளு விட்டுப் பாத்துட்டு வரச் சொல்லுவாவளாம். இல்லன்னா அதுக்கும் வருத்தமாம்."

மங்கலம் பக்கங்களை மெதுவாகப் புரட்டினாள். எல்லாப் படத்திலும் ஒரே சங்கதி இருந்தது. மூக்கை மட்டும் உயர்த்தினால் அது வெறும் பெருமை. கோழி கூவும்போதுகூட அப்படித்தான் நிற்கிறது. ஒரு கண்ணைப் பாதி மூடி உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கினால்தான் அது இளக்காரம். முழுக்கண்ணால் பார்க்க எதிராளி லாயக்கில்லை, முழுவாயால் பேசவும் லாயக்கில்லை என்று முகமே சொல்லிவிடுகிறது.

"இவன் ஆரைப் பாக்கறான்?" என்று ஒரு பிரபுவைத் தொட்டுக் கேட்டாள்.

"கீழ யாரோ நிக்குதாவ போல. படத்துல வரல."

"அதாக்கும் விஷயம்" என்றாள் மங்கலம். "கீழே ஒரு ஆள் இல்லாட்டா இந்த மூஞ்சிக்கு வேலையே கிடையாது."

வீட்டுக்கு வந்தவள் கோணல் பூசணிக்காய்களைக் கிழித்து ஊறப்போட்டாள். வெந்தயத்தோடு சேர்த்து அரைத்தாள். உடம்பு எளிதாக வந்தது: கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் கைத்தடி, கோட்டுப் பொத்தான்களைச் சோதித்துப் பார்க்கும் தொந்தி. முகம்தான் படுத்தியது. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகத்தையே கோணிக் கோணிப் பார்த்து, அதைப் பார்த்துக் கூழை அழுத்தினாள். வலது இமையை இறக்குவாள், உதட்டை ஏற்றுவாள், கண்ணாடியைப் பார்ப்பாள், பொம்மையின் முகத்தில் நகத்தால் ஒரு கோடு இழுப்பாள். காப்பிக்கு வந்த நீலகண்டன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"உங்களை இல்லை. பாத்துண்டே நில்லுங்கோ. பயமா இருக்கோ?"

"ஆமாம்."

"அப்போ சரியா வந்திருக்கு."

பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானைமேல் கரமனைக்கு வந்து கோட்டைக்குள் போன மறுநாள், கலசம் வைத்துக் கொலு எழுந்தது. மேற்படிகளில் தெய்வங்கள். தலை ஒட்டப்பட்ட தசரதன் பழைய இடத்தில். புதுப் பொம்மையை மங்கலம் எல்லாவற்றுக்கும் கீழே, தரையை ஒட்டிய படியில், செட்டியாரின் பருப்புக் கடைக்கும் கத்தரிக்காய்க்காரிக்கும் நடுவில் நிறுத்தினாள். அந்த உயரத்திலிருந்து அவர் ஏளனமாகப் பார்ப்பதற்கு எறும்புகள்தான் அகப்பட்டன.

"தாசில்தார் மாமா வந்து பாத்தா என்ன ஆகும்?" என்றார் நீலகண்டன்.

"மூணு வருஷம் முன்னாடி அவர் போட்ட சட்டம் உங்களுக்கு ஓர்மை இருக்கோ?"

நீலகண்டனுக்கு ஓர்மை வந்தது. வக்கீல் குமாஸ்தா அல்லவா. மீசையைத் தடவிக்கொண்டு போனார். ஆனால் அந்த நடையில் கொஞ்சம் துள்ளல் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் யாரும் வரவில்லை. டீச்சரை அழைத்த செய்தி மடத்துக்கு எட்டியிருந்தது. பட்டாபி எல்லா வீட்டுக்கும் சொல்லியனுப்பிவிட்டார். மங்கலம் விளக்கேற்றி, பட்டுப்புடவை கட்டி, வெற்றுப் பாயின் முன் உட்கார்ந்து இரண்டு கீர்த்தனை பாடினாள். குரல் நடுங்கவில்லை, பாய்தான் ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது. இது இந்த வருஷத்தோடு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். சுண்டல் முழுவதையும் நீலகண்டன் சாப்பிட்டார். "வராததுலே ஒரு லாபம் இருக்கு" என்று அவர் சொன்னது அவளைச் சிரிக்கவைக்கத்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் அடுத்த வீட்டுச் சுப்புலக்ஷ்மி கறிவேப்பிலை கேட்டுக் கொல்லைப்புறமாக வந்தாள். அவள் வீட்டிலேயே கறிவேப்பிலை மரம் இருந்தது. எட்டிக் கூடத்தைப் பார்த்தவள், கீழ்ப்படியைக் கண்டதும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். கறிவேப்பிலையை மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மடத்து உத்தரவு என்ன செய்யும். அடுத்த நாள் சாயங்காலம் பாயில் இடமில்லை. எல்லோரும் அம்பாளைச் சேவிக்க வந்ததாகவே சொல்லிக்கொண்டார்கள். கும்பிட்ட கை மேலே பார்த்து நிற்க, கண்கள் கீழே இருந்தன. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டார்கள். டீச்சர் இன்னும் வரவில்லையே, அதுவரைக்கும் வாங்கினால் தோஷமில்லை என்று சட்டத்துக்கு வியாக்கியானமும் பண்ணிக்கொண்டார்கள்.

"எங்க மாமனாரை நீ எப்போ பாத்தே?" என்றாள் சுப்புலக்ஷ்மி. "திருநெல்வேலியை விட்டு இங்கோட்டு அவர் வந்ததே இல்லையே."

"மாமனாரோ? எங்காத்துக்காரரோட ஆபீசர் இவர்" என்றாள் இன்னொருத்தி. "தாசில்தார் மாமா மாதிரியும் இருக்கு. ஆனா எதுவோ இடிக்கறது."

எது இடிக்கிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. மங்கலத்துக்கே பிடிபடவில்லை. ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கு வைத்த சற்று நேரத்தில் ரேழியில் நிழல் தட்டியது. ரோஸ் என்று நினைத்து எழுந்த மங்கலம், வந்தவரைப் பார்த்துத் திகைத்தாள். பட்டாபியின் மனைவி சூடாமணி. கீழ்ப்படியை மறைத்துக்கொள்ளலாம் என்று சுப்புலக்ஷ்மி நகர்ந்து பார்த்தாள். அவள் அவ்வளவு பருமன் இல்லை.

சூடாமணி நேரே வந்து பொம்மையின் முன் மண்டியிட்டாள். நெடுநேரம் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மங்கலம் பயந்தாள்.

"கண்ணை மாத்திப் போட்டுட்டியேடி" என்றாள் சூடாமணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அவருக்குச் சாயறது வலது கண். இது இடது. முப்பது வருஷமா அந்தக் கண்ணுக்கு எதிரே உக்காந்து பரிமாறறேன், எனக்குத் தெரியாதா."

மங்கலத்துக்குச் சமையலறைக் கண்ணாடி ஞாபகம் வந்தது. கண்ணாடியில் கண்டபடியே பொம்மையில் போட்டதில் வலம் இடமாகிவிட்டது. திருத்தலாம் என்று கை தானாக நீண்டது; பாதியில் நின்றது.

"தொடப்படாதே மாமி."

"தொடவேண்டாம். இருந்துட்டுப் போகட்டும்." சூடாமணி பாயில் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது ரோஸ் வந்தாள். வெள்ளைப் புடவை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ரேழியிலேயே தயங்கினாள். கூடத்தில் இருந்த எல்லோரும் சூடாமணியைப் பார்த்தார்கள். மங்கலமும்தான் பார்த்தாள். ஆனால் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"வா ரோஸ். இங்கே, என் பக்கத்திலே உக்காரு."

ரோஸ் உட்கார்ந்தாள். ஒருத்தி எழுந்து வெளியே போனாள். இன்னொருத்தி எழுந்து, சூடாமணி அசையாததைப் பார்த்து, புடவையைச் சரிசெய்ய எழுந்ததுபோல் மறுபடி உட்கார்ந்தாள்.

"பாடுவியோ?" என்று கேட்டாள் சூடாமணி. கொலுவுக்கு வந்தவளைப் பாடச் சொல்லாமல் இருப்பது மரியாதையல்ல.

"எங்க கோயில் பாட்டுத்தான் தெரியும், அம்மா."

"அம்பாளுக்குக் காது இல்லையா என்ன. பாடு."

ரோஸ் மோகனத்தில் ஒரு கீர்த்தனை பாடினாள். இரண்டாம் அடியில் சுப்புலக்ஷ்மி தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். மூன்றாம் அடிக்குள் தெருவில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

பட்டாபி ரேழியைக் கடந்து கூடத்தின் நிலையில் வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. தண்டனை கொடுக்க வரும்போது அவர் உத்தியோக உடையிலேயே வருவார். எழுந்துபோனவள் செய்தியைக் கொண்டுபோயிருக்கவேண்டும். முதலில் ரோஸைப் பார்த்தார். இமை இறங்கியது. உதடு ஏறியது. ரோஸின் பாட்டு நின்றது.

"பாடு ரோஸ்" என்றாள் மங்கலம். "சரணம் பாக்கி இருக்கு."

ரோஸ் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கீழ்ப்படியைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். என்ன தோன்றிற்றோ, அவள் கன்னத்தில் குழி விழுந்தது. சரணத்தை எடுத்துப் பாடினாள்.

அவள் பார்வை போன இடத்துக்குப் பட்டாபியின் பார்வையும் போயிற்று. என்ன இருக்கிறதென்று நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஓரடி முன்னால் வந்தார். அப்போதும் தொந்தி மறைத்தது. கைத்தடியை ஊன்றி இடுப்பை வளைத்துக் குனிந்தார். ஜரிகைத் தலைப்பாகை ரோஸின் முழங்காலுக்கு நேராக வந்து தாழ்ந்து நின்றது. வாசல் பக்கமிருந்து பார்த்த நீலகண்டனுக்கு, தாசில்தார் மாமா வேதக்கார டீச்சரை நமஸ்காரம் பண்ணுவதாகவே பட்டது.

குனிந்த முகம் நிமிரும்போது சிவந்திருந்தது.

"என்னைப் பொம்மையாப் பண்ணி, செட்டியார் கடையிலே நிறுத்தி வெச்சிருக்கயோ?"

மங்கலம் எழுந்து நின்றாள்.

"மாமாவையா? மாமாவுக்குச் சாயறது வலது கண்ணாக்கும். இதுக்கு இடது. இப்போதான் எல்லாரும் அதைப் பேசிண்டிருந்தோம். தெருவிலே இத்தனை பேர் பாத்தாளே, ஒருத்தரும் நிச்சயமா மாமான்னு சொல்லலை."

"எனக்குத் தெரியாதோ என் மூஞ்சி? தினம் தலைப்பாகை கட்டறச்சே கண்ணாடியிலே..." பட்டாபி நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடியில் பார்த்துப் பண்ணின முகத்தை, கண்ணாடியில் தினம் பார்க்கிறவர் மட்டும் கண்டுகொண்டார். சூடாமணிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை. பிறகு பாய் முழுக்கச் சிரித்தது.

"எடு அதை" என்றார் பட்டாபி. "இந்த க்ஷணம் எடு."

"அம்பாளை ஆவாகனம் பண்ணியாச்சு, மாமா. விஜயதசமி வரைக்கும் ஆரும் தொடப்படாது. இதே கூடத்திலே நீங்க சொன்னேள். தசரதனுக்குத் தலை இல்லாட்டாலும் சாரமில்லைன்னேள். இவருக்குத் தலை இருக்கே."

பட்டாபி தம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். இமை இறங்கியது, உதடு ஏறியது. ஆனால் இந்தத் தடவை எல்லோரும் அதை ஆர்வமாகக் கவனித்தார்கள், அசலையும் நகலையும் ஒத்துப்பார்க்கிறவர்கள் போல. "ஆமாம், வலதுதான்" என்று சுப்புலக்ஷ்மி தணிந்த குரலில் உறுதிப்படுத்தினாள். அப்படிப் பார்க்கப்படும்போது அந்த முகத்தை வைத்துக்கொண்டிருப்பது கஷ்டம். இமை துடித்து மேலே ஏறிக்கொண்டது.

"சூடாமணி, எழுந்திரு. போலாம்."

"கொலுவாத்திலேருந்து வெத்தலை பாக்கு வாங்கிக்காம எழுந்துக்கப்படாது. நீங்க போங்கோ, நான் வரேன்." சூடாமணி மங்கலத்தைப் பார்த்தாள். "முதல்லே டீச்சருக்குக் குடுடி. தூரத்திலேருந்து வந்திருக்கா."

மங்கலம் தட்டை எடுத்தாள். ரோஸுக்குச் சந்தனம், பூ, வெற்றிலை பாக்கு, தேங்காய்.

"குங்குமம் வேண்டாம்க்கா. பூ போதும்."

அதே தட்டிலிருந்து அடுத்து சூடாமணி வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்துச் சுப்புலக்ஷ்மி. கைத்தடிச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது, வழக்கத்தைவிட வேகமாக.

கரமனை ஒரே சாயங்காலத்தில் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். மூன்று வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு மங்கலத்தின் படியேறவில்லை. அந்தத் தை மாசத்துப் பூணூல் ஒன்றுக்கு நீலகண்டனை அழைக்கவில்லை. அன்றைக்கு அவர் வீட்டில் வாங்கிபாத் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார். ஆனால் ரோஸ் வருஷாவருஷம் வாசல் வழியாக வந்தாள். பட்டாபி மடத்தில் தீர்ப்புச் சொல்வதும் நிற்கவில்லை. என்ன, சொல்லும்போது ஜனம் அவருடைய கண்ணைப் பார்க்கப் பழகிவிட்டது. எந்தக் கண் என்று சரிபார்த்துவிட்டு, பிறகுதான் தீர்ப்பைக் கேட்டார்கள். பாதிப் பேருக்குத் தீர்ப்பு காதில் விழுவதில்லை.

அந்த வருஷத்து விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி எடுத்தபின், கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்கவைக்கவேண்டும். வழக்கமாகக் கிருஷ்ணனைத்தான் படுக்கவைப்பார்கள். மங்கலம் கீழ்ப்படிக்குக் கையை நீட்டி, தாசில்தாரை இடுப்பில் பிடித்து மெல்லச் சாய்த்தாள்.

நீலகண்டன் விளக்கைத் தாழ்த்திக் காட்டினார். மல்லாந்து படுத்ததும் அந்த மூக்கு வெறுமனே உத்தரத்தைப் பார்த்தது. பாதி மூடிய கண் அரைத்தூக்கமாகிவிட்டது. ஏறிய உதடு, சாப்பாட்டுக்குப் பின் குறட்டை விடுகிற எந்த மனுஷனின் உதடும்தான்.

"பாவமா இருக்கே" என்றார் நீலகண்டன்.

"நாளைக்கு எடுத்து வெக்கறச்சே சுத்தறதுக்குப் பழைய வேஷ்டித் துணி இருந்தாக் குடுங்கோ" என்றாள் மங்கலம். "பெட்டியிலே தசரதனுக்குப் பக்கத்திலே போடறேன். அடுத்த வருஷமும் இவருக்கு அதே படிதான்."